செய்தவர் நிற்கும் இடம்

நெடுங்காட்டிலிருந்து காரைக்கால் வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்மணியும் அவருடைய தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தார். நெற்றியிலும் தலையிலும் ஒன்றுமில்லை.

"நான் செஞ்ச சாமிய என்னையே தொட விடமாட்டாங்கக்கா" என்றார் தம்பி. அதைக் கேட்டபிறகுதான் நான் காது கொடுத்தேன். "கல்லச் செதுக்கிக் கண்ணத் திறந்து வைக்கிறவரைக்கும் நான் ஸ்தபதி. கும்பாபிஷேகம் ஆயிட்டா கம்பிக்கு வெளியில நின்னு கும்பிட்டுட்டு வரணும். நான் கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிடுறேனா?"

"அதுக்காக?"

"மாமா போனப்புறம் நீ ஒத்தையா வளர்த்த புள்ள. தாலி கட்டுறப்ப மேடைக்கு வராதீங்கன்னு பொண்ணு வீட்டுல சொன்னது தப்புதான். அதுக்காக மாப்பிள்ளையோட அம்மா சாப்பிடாமக்கூடக் கிளம்பி வந்துடுறதா? அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பிப் போவோம்."

"சாம்பார் நல்லாருக்குன்னு பேசிக்கிட்டாங்க. நீ வேணா போய்ச் சாப்பிட்டுட்டு வா."

"புள்ள தேடுவான்க்கா."

"அவங்க சொன்னப்ப அவன் பக்கத்துலதான்டா நின்னேன். மாலையச் சரிபண்ணிக்கிட்டிருந்தான்."

இறங்குவதற்காக மடியில் எடுத்து வைத்திருந்த பையைத் தம்பி மறுபடி கீழே வைத்தார்.

"நீ செஞ்சது கல்லு. கூப்பிடலன்னா அதுமேல உனக்கு வருத்தம் வராது. நான் செஞ்சதுக்கு வாய் இருக்குடா."

என் கல்யாணத்தின்போதும் என் அம்மா விதவைதான். நான் தாலி கட்டிய நேரத்தில் அவர் எங்கே நின்றார் என்று காரைக்கால் வரும்வரை யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அன்று நான் திரும்பிப் பார்த்திருந்தால்தானே.