இரண்டு தாள், ஒரே கையெழுத்து

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, அக்காவின் கணவர் அவர்களே, அக்காவின் மேசையைப் பதினோரு வருடம் பகிர்ந்துகொண்ட ஜூனியர் அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறவர்களே, மேடையின் வலக்கோடியில் அமர்ந்திருக்கும் சட்டத்துறைச் செயலாளர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. அழுத்தமானிகளைச் சோதிப்பது என் தொழில். கொதிகலனிலும் எரிவாயு உருளையிலும் முள் காட்டும் எண் உண்மைதானா என்று பார்த்து முத்திரை வைக்கிறவன் நான். முன்னால் பேசியவர்கள் அக்காவைக் கடல் என்றார்கள், மலை என்றார்கள். அக்கா கடலும் இல்லை, மலையும் இல்லை. லிஃப்ட் வேலை செய்யாத நீதிமன்றத்தில், முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறிய ஒரு வழக்கறிஞர். மனு எட்டுப் பக்கம் இருந்தால் பின்னிணைப்பு நானூறு பக்கம் இருக்கும். அதனால் அரசு வழக்கறிஞர்கள் கேலியாக ‘பின்னிணைப்பு அம்மா’ என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் அதையே வாங்கிப் ‘பின்னிணைப்பு அக்கா’ ஆக்கிக்கொண்டோம். அந்தக் கேலி யார் பக்கம் திரும்பப் போகிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் அண்ணன் வெல்டர். ஏழு வருடத்துக்கு முன்னால், காணாமல் போன செப்புக் கம்பியைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் உடலாகத் தந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தாராம். வழுக்கி விழுந்தவனுக்கு இரண்டு உள்ளங்காலிலும் வரிவரியாகக் காயம் எப்படி வரும்? கேட்டேன். காவலர்கள் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது நம் சட்டம். அனுமதி கேட்ட மனு சட்டத்துறையில் போய் உட்கார்ந்தது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

அக்காவிடம் போனேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“உள்ளங்கால் போட்டோ இருக்கா?”

“இருக்கு.”

“கேமராவுல எடுத்த ஃபைலா, வாட்ஸ்அப்ல சுத்தி வந்ததா?”

அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது, இவர் நம் ஆள்.

சித்திரவதைக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தத்தை நம் நாடு முறைப்படி ஏற்று இருபது வருடம் ஆகிறது. காவலில் சித்திரவதை நடந்ததாக நம்பக் காரணம் இருந்தாலே, தாமதமில்லாமல், பாரபட்சமில்லாமல் விசாரிக்க வேண்டும் என்கிறது அது. அனுமதி வாங்கிக்கொண்டு விசாரி என்று அதில் எங்காவது இருக்கிறதா? இல்லை. உலகத்தின் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் அதை மீற முடியாது என்பதுதான் அக்காவின் வாதம்.

அரசு எதிர்மனு போட்டது. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றாதவரை அந்த ஒப்பந்தம் இந்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. கீழே சட்டத்துறைச் செயலாளரின் கையெழுத்து.

ஒரு நாள் மதியம் அக்கா போன் செய்தார். என்னை மீட்டர் என்றுதான் கூப்பிடுவார். “மீட்டரு, சாப்பிட்டியா? சாப்பிட்டுட்டே வா. வந்தப்புறம் சாப்பாடு எறங்காது” என்றார்.

மேசையில் இரண்டு தாள். ஒன்று அந்த எதிர்மனு. இன்னொன்று, ஒப்பந்தத்தை எப்படி நிறைவேற்றுகிறோம் என்று நம் அரசு சர்வதேசக் குழுவுக்கு அனுப்பிய அறிக்கை. யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அக்கா படித்தார். பத்தி நாற்பத்தொன்று: ‘ஒப்பந்தத்தின் விதிகளை எங்கள் நீதிமன்றங்கள் நேரடியாகவே அமல்படுத்துகின்றன, தனிச் சட்டம் தேவைப்படவில்லை.’

கீழே அதே கையெழுத்து. இரண்டு தாளுக்கும் நடுவில் பதினோரு நாள்.

“ஒரே பாய்லர்ல ரெண்டு மீட்டர் மாட்டி, ரெண்டும் வேற வேற எண் காட்டினா என்ன செய்வ?” என்று கேட்டார்.

“கழட்டி, ஓனர் முன்னாடி வச்சு சோதிப்பேன்.”

“அப்போ இவரையும் கழட்டிக் கூண்டுல வச்சுற வேண்டியதுதான்.”

நீதிமன்றம் ஏற்றது. எந்தத் தாள் உண்மை என்று செயலாளர் நேரில் வந்து சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்று அவர் சொன்னால் அனுமதி என்ற பூட்டு உடைகிறது. கட்டுப்படுத்தாது என்றால், உலகத்தின் முன்னால் பொய் சொன்னதாக அவரே ஒப்புக்கொள்கிறார். என் அண்ணனுக்கு மட்டும் அல்ல. அதே அலமாரியில் இன்னும் இருபத்தாறு குடும்பங்களின் மனுக்கள் தூங்குகின்றன. அந்தக் குடும்பங்களில் பலர் இந்தச் சுவரோரம்தான் நிற்கிறார்கள்.

ஆனால் அந்தச் சம்மனை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். ஆறு முறை போய் ஆறு முறையும் திரும்பி வந்தது. கூட்டத்தில் இருக்கிறார். வெளியூர் போயிருக்கிறார். மருத்துவ விடுப்பு. பயிற்சி முகாம். மறுபடி கூட்டம். ஆறாவது முறை, அப்படி ஒருவர் இந்த மாடியிலேயே இல்லை என்றார்கள்.

இதற்கிடையில் அக்காவின் நுரையீரல் போய்விட்டது. ஆக்சிஜன் உருளையோடு படுத்திருந்தார். வாரம் ஒருமுறை அதன் மானியை நான் சோதிப்பேன். “சரியா காட்டுதா?” என்பார். சரியாகத்தான் காட்டுகிறது என்பேன். “ஒரே எண்ணைத்தான காட்டுது? அப்போ அரசாங்கத்தைவிடத் தேவலாம்.”

கடைசி வாரம் என்னையும் ஜூனியரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: “அந்த மனுசன் ஒரு இரங்கல் கூட்டத்தையும் விட்டதில்ல. அதுவும் எதிரி செத்தா முதல் ஆளா வந்து நல்லவர் பேர் வாங்குவார். என் கூட்டத்துக்கும் வருவார். அழைப்பிதழ்ல அவர் பதவியைக் கொட்டை எழுத்துல போடு.”

சும்மா இருங்கக்கா என்றேன். “சும்மாதான்டா கெடக்கேன், ரெண்டு மாசமா” என்றார்.

அழைப்பிதழை அடித்தவன் நான். கொட்டை எழுத்தில் போட்டவன் நான்.

செயலாளர் அவர்களே, வந்திருக்கிறீர்கள். நன்றி. இதே ஒலிவாங்கியில் இருபது நிமிடத்துக்கு முன்னால் என்ன சொன்னீர்கள்? ‘சர்வதேச ஒப்பந்தங்கள் நம் சட்டத்தின் உயிர்மூச்சு என்று நமக்கெல்லாம் உணர்த்தியவர்’ என்றீர்கள். நல்ல வாக்கியம். பதிவு செய்திருக்கிறேன். இது மூன்றாவது பின்னிணைப்பு. அக்காவின் கணவரிடம் முன்கூட்டியே கேட்டேன், இந்த மேடையில் இதைச் செய்யலாமா என்று. “அவர் பேசி முடிக்கட்டும்ப்பா, அதையும் சேர்த்துக்கோ” என்றார்.

துக்க வீட்டில் பழிவாங்கலாமா என்று சிலர் முகத்தைச் சுளிக்கிறீர்கள். இது பழிவாங்கல்தான். என் அண்ணனின் உள்ளங்காலைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. அன்றைக்குக் கையில் இரும்புக் குழாயோடு காவல் நிலைய வாசலில் நின்றவன் நான். அந்தக் கையில் தாளைக் கொடுத்தவர் அக்கா. குழாய்க்கு என்னைச் சிறையில் போட்டிருப்பார்கள். தாளுக்கு என்ன செய்வீர்கள்? மன்னிப்பு என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். அது என்னிடம் இல்லை, அக்காவிடமும் இருக்கவில்லை.

அக்கா, வாக்குக் கொடுக்கிறோம். பதினேழாம் தேதி காலை பத்தரைக்கு ஜூனியர் எழுந்து குறுக்கு விசாரணை செய்வார். நானூறு பக்கத்தையும் நான்கு மாடி நான் தூக்குவேன். உங்கள் மனு முடிந்ததும் அந்த இருபத்தாறும் ஒவ்வொன்றாக வரும்.

செயலாளர் அவர்களே, மூன்றாவது வரிசையில் கோடு போட்ட சட்டை அணிந்திருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவர்தான். ஆறு முறை உங்கள் அலுவலக வாசலில் காத்திருந்த நீதிமன்ற ஊழியர். இதோ எழுந்து வருகிறார். தாளை வாங்கிக்கொள்ளுங்கள். பேனா இல்லையென்றால் அக்காவின் பேனா என் பையில் இருக்கிறது.

நண்பர்களே, கூட்டம் முடியும்போது இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌனமாக இருக்க வேண்டும். நிற்போம். ஆனால் இப்போது உட்கார்ந்தே இருங்கள். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கட்டும்.