மானுக்குத் தெரிந்த சேதி

அறுபதுகளில் ஒரு நாள், உடுமலையிலிருந்து திருப்பூர் வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மலையடிவாரத்து விவசாயி. மற்றவர் பனியன் கம்பெனிக்காரர். விவசாயி சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"எங்கூட்டுக்காரி செத்தது மானுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க."

"அதெப்படீங்க?"

"கட்டி அவுத்த சீலையத் துவைக்காம வேலியில கட்டி உடுவாளுங்க. ஆள் வாசத்துக்கு மான் கிட்ட வராது. இப்பக் கடலைக்காட்டுல பாதி போச்சு. மொதல்ல ஆடுன்னுதான் நெனச்சனுங்க. தடத்தப் பாத்தா முனை கூரா இருக்குது, புள்ளிமான்."

"கம்பெனியில வேஸ்ட் துணி கெடக்குது, தாரனுங்க."

"புதுத்துணிக்குப் பயப்படாதுங்க."

"உங்க வேட்டியக் கட்டலாமுல்லங்க?"

"கட்டுனனுங்க. சீலை நீளம் வேட்டிக்கு ஏதுங்க, அத்தன வேலிக்கும் காண மாட்டீங்குது."

"அம்மிணி சீலை ஒண்ணுகூட மிச்சமில்லீங்களா?"

"இருக்குதுங்க. கடைசியா அவுத்துப் போட்டது. துவைக்காமப் பொட்டியில வெச்சிருக்கறனுங்க."

"அப்ப அதக் கட்டறதுதானுங்க?"

பல்லடம் வந்தது. பஸ் நின்றதும் விவசாயி சொன்னார்:

"காத்துல வாசம் போயிருமுங்க."