கோரண்டன் சாகும் கட்டம்

சங்கரன்கோவில் போலீஸ் ஸ்டேஷன். 1952 நவம்பர் 9, காலை. டூரிங் டாக்கீஸ் திரையைக் கிழித்தது சம்பந்தமாக எதிரி கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் பேச்சித்தாய். வயது முப்பது இருக்கும். கழுகுமலை ரோட்டில் குடியிருக்கிறேன். புருஷன் கருத்தப்பாண்டி ஆட்டுக் கிடையோடு வாசுதேவநல்லூர்ப் பக்கம் போயிருக்கிறார். நான் டாக்கீஸ் கொட்டகை வாசலில் வறுத்த கடலை விற்கிறேன். திரையை அரிவாளால் கிழித்தது நான்தான். யாரும் தூண்டவில்லை. எனக்குப் பேய் பிடிக்கவும் இல்லை. அப்படி எழுத வேண்டாம்.

எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூத்தவனுக்குக் கோயில் சாமி பெயரை வைத்தோம், ஆண்டு திரும்புமுன் தவறிப்போனான். அதன் பின் பிறந்தவனுக்கு, எமன் வேண்டாமென்று விட்டுப்போகட்டும் என்று எங்கள் வழக்கப்படி குப்பை என்று பெயர் வைத்தோம். எமன் குப்பையையும் அள்ளிக்கொண்டு போனான். அதன் பின் பிறந்தவனுக்கு நான் யாரையும் கேட்காமல் கோரண்டன் என்று பெயர் வைத்தேன். இப்போது நான்கு வயது.

கோரண்டன் என்பவன் கதையில் வருகிற கொடிய மந்திரவாதி. இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, கடலை விற்கப் போன ஒரு நாடகத்தில்தான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். ‘எமனே வந்தாலும் கோரண்டன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பான்’ என்று கோரண்டன் வேஷம் கட்டியவன் சொல்லிச் சிரித்தான். அந்த வாசல் என் வீட்டு வாசலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதன் பின் பஸ் ஸ்டாண்டு காப்பிக் கடையில் கோரண்டன் பாட்டை கிராமபோன் பிளேட்டில் போட்டார்கள். சவரக் கடைச் சுவரில் பத்திரிகைப் படக்கதையிலிருந்து அவன் முகத்தைக் கிழித்து ஒட்டினார்கள். இந்த மாதம் டாக்கீஸ் படத்திலும் வந்துவிட்டான். சாகாதவன் என்பதால்தானே எங்கும் வருகிறான் என்று நம்பினேன். எங்கள் யாவாரம் கடைசி இடைவேளையோடு முடிந்துவிடும், கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். நாடகத்திலும் அப்படித்தான். அவன் மேல் வீசிய வாள் முறிவது, அவனுக்குக் கொடுத்த விஷம் பலிக்காமல் போவது வரைதான் எனக்குக் கதை தெரியும்.

முந்தாநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு மாடத்தியிடம் விட்டுவிட்டு யாவாரத்துக்குப் போனேன். கடைசி இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டதால் கொட்டகைக்குள் ஒதுங்கினேன். அதன் பின் திரையில் ராஜகுமாரன் கோரண்டனைக் குத்திக் கொன்றான். பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். ‘செத்தான் கோரண்டன், சனியன் ஒழிஞ்சுது’ என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். அவளை அடித்துவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபோது பிள்ளைக்கு ஜன்னி கண்டிருந்தது. விடிந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அதன் பின் நேற்று மாலை டாக்கீஸ் மானேஜர் ஏசுவடியானிடம் போய், ‘அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாளைக்குக் கோரண்டன் சாகுதத மட்டும் காட்டாதிய’ என்று கேட்டேன்.

‘ஏட்டி, கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு? நாடகத்துலயும் செத்தான், படக்கதையிலயும் செத்தான். சாகதுக்குத்தானே அவன் வாரான்’ என்று சிரித்தார். பிள்ளையின் பெயரைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஆனாலும் டிக்கெட் எடுத்தவர்களுக்கு முழுப் படத்தையும் காட்டித்தான் ஆக வேண்டும் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதன் பின் முதல் ஆட்டத்தில், இடைவேளை முடிந்தும் போகாமல் திரை ஓரத்தில் நின்றேன். ராஜகுமாரன் வாளை உருவியதும், கூடையில் வைத்திருந்த அரிவாளை எடுத்துத் திரையை மேலிருந்து கீழாகக் கிழித்தேன். படம் என் மேல் விழுந்து ஓடியது, கண் கூசியது. யார் யாரோ பிடித்து இழுத்தார்கள். மெஷினை நிறுத்திவிட்டார்கள். நேற்று கோரண்டன் சாகவில்லை.

காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை என்று, ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குத் துணை இருக்கிற மாடத்தி காலையில் வந்து சொன்னாள். பிள்ளை பெயரை மாற்றிவிடு என்றும் சொன்னாள். ஏட்டையாவும் அதையே சொன்னார். இங்கே உட்கார்ந்து எல்லாம் யோசித்துவிட்டேன். நாடகத்தில் செத்தவன் பாட்டில் வந்தான். படக்கதையில் செத்தவன் டாக்கீஸில் வந்தான். செத்தும் திரும்பி வருகிற பெயரை நான் வேறு கேட்டதில்லை. அதனால் மாற்ற மாட்டேன்.

கிழிசலைத் தைத்து இன்று மாலை மறுபடியும் ஓட்டப்போகிறார்கள். தடுக்க மாட்டேன். அவன் சாகிற நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் பிள்ளை பக்கத்தில் இருந்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்குள் என்னை அனுப்பிவிடுங்கள். தண்டனை எதுவானாலும் பின்னால் வந்து ஏற்றுக்கொள்கிறேன்.

இதை ஏட்டையா உரக்கப் படிக்கக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

கோரண்டன் தாயார் பேச்சித்தாய்,
இடது பெருவிரல் ரேகை.