ஈரத்துணி கிடந்த மேஜை

அது காபி டம்ளர் வச்ச தடம் தம்பி, அதை விடுங்க. அது பத்து வருஷமா இருக்கு. பாலிஷ் போடணும்னு நான் போன்ல சொன்ன கறை மேஜையோட இந்தப் பக்கம். இருங்க, ஜன்னலைத் திறக்குறேன். ஆங், அதேதான். நடுவுல கருப்பு, சுத்தி வெள்ளை.

இந்தக் கீறலா? அது நான் பண்ணின கூத்து. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க. எதிர்வீட்டுக்காரரு பேஸ்ட் போட்டுத் தேய்ங்கன்னாரு. மேஜைக்கு என்ன பல்லா இருக்குன்னு சிரிச்சேன். அவரு அந்தப் பக்கம் போனதும் தேய்ச்சேன். பெயிண்ட் கடைக்காரரு துணியை விரிச்சு மேல இஸ்திரிப் பெட்டி வைங்கன்னாரு. வெள்ளை கொஞ்சம் மங்குச்சு, கருப்பு அசையவே இல்லை. கடைசில பொறுமை போயி உப்புத்தாளை எடுத்துட்டேன். ஆமா, குறுக்கதான் தேய்ச்சேன். மரத்தோட ரேகை போற போக்குல தேய்க்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான்.

நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடியுமா தம்பி? முழுசா வேண்டாம், பார்த்தா தெரியாத அளவுக்கு.

அவசரம் என்னன்னா, என் வீட்டுக்காரி நாளைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வர்றா. பக்கவாதம். ஒரு மாசம் ஆகுது. கால் கொஞ்சம் தேறியிருக்கு, வலது கை இன்னும் வரலை. பேச்சும் வரலை. பொண்ணும் கூட வந்து தங்கப் போறா. மேல விரிப்பு போட்டு மூடித்தான் வச்சிருந்தேன். பொண்ணு இருந்தா விரிப்பைத் துவைக்க எடுப்பா இல்ல?

இங்கதான் விழுந்தா. கையில தண்ணி ஜக்கு. விழும்போது விரிப்பைப் பிடிச்சிருக்கா. பாதி அவ கையில, பாதி மேஜை மேல சுருண்டு கிடந்துச்சு. ஜக்கு அதுமேல கவுந்துருச்சு. நான் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். உடனே தூக்கிட்டுப் போயிட்டோம். அப்பா மட்டும் பக்கத்துல இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு பொண்ணு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கா.

என்ன கேட்டீங்க? அந்த ஈர விரிப்பு எவ்வளவு நேரம் கிடந்துச்சுன்னா? உடனே எடுத்துட்டேன். ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.

இல்லியா? பத்து நிமிஷ ஈரம்னா பாலிஷோட நின்னுருக்கும், மரத்துக்குள்ள இறங்கிக் கருத்திருக்காதா?

சரி. நீங்க தொழில்காரரு, தெரியத்தான் செய்யும்.

அப்ப நானும் என் வீட்டுக்காரியும் மூணு நாளாப் பேசிக்கிறதில்லை தம்பி. அவ தங்கச்சி வந்து தங்குறதைப் பத்தி நான் ஒரு வார்த்தை அதிகமாப் பேசிட்டேன். அவ வாயை மூடிக்கிட்டா. நானும் வீம்புக்கு மூடிக்கிட்டேன். யாரு முதல்ல பேசுறதுன்னு, இந்த வயசுல. தட்டை வச்சுட்டுப் போவா, நான் சாப்பிட்டுட்டு எழுந்திருப்பேன். அன்னைக்குக் காலையில பத்து மணி இருக்கும், தடால்னு கேட்டுச்சு. கோவத்துல எதையோ போட்டு உடைக்கிறா, நான் ஓடிவந்து என்னம்மான்னு கேக்கணும்னு பார்க்குறான்னு நினைச்சேன். கேக்க மாட்டேன்னு பேப்பரைப் பிரிச்சு உட்கார்ந்தேன். எல்லாப் பக்கமும் படிச்சேன். கொஞ்சம் கண்ணசந்தேன். அப்புறம் மறுபடியும் படிச்சேன்.

ஒரு மணிக்குப் பசிச்சுது. அப்பதான் எழுந்து வந்தேன்.

எப்ப விழுந்தாங்கன்னு டாக்டர் கேட்டாரு. இப்பதான்னு சொன்னேன். ரெண்டு தடவை கேட்டாரு, ரெண்டு தடவையும் இப்பதான்னேன். விழுந்து எத்தனை மணி நேரம் ஆச்சுங்கிறதை வச்சுத்தான் மருந்து கொடுப்பாங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது.

பொண்ணுகிட்டச் சொல்லலை. உங்ககிட்டதான் சொல்றேன், அதுவும் நீங்க கேட்டதால. மேல் பூச்சைச் சுரண்டி எடுத்துட்டு மருந்து போடணுமா? போடுங்க. எவ்வளவு சுரண்டணுமோ சுரண்டுங்க. நான் அந்தப் பக்கம் பிடிச்சுக்கிறேன்.

என் வீட்டுக்காரிக்கா? தெரியும் தம்பி. பேச்சுதான் வரலை, விழுந்ததுலேருந்து நினைவு தப்பவே இல்லைன்னு டாக்டர் சொல்றாரு. நான் உட்கார்ந்திருந்தது முன் ரூம்ல, இந்தப் பக்கம் முதுகு காட்டிக் கிடக்கே, அந்த நாற்காலி. நடுவுல கதவுகூடக் கிடையாது. நான் பேப்பர் புரட்டுற சத்தத்தை அவ கேட்டுக்கிட்டேதான் கிடந்திருப்பா.