பள்ளிக்கூடம் தொறந்தப்புறம் போற கப்பல்

லேக் மார்க்கெட்ல கத்திரிக்கா வாங்கிண்டு டிராம்ல ஏறினேன். நல்ல பிஞ்சு, அது கெடக்கட்டும். வங்காளிக் கூட்டத்துக்கு நடுவுல, முன் சீட்ல தமிழ்ப் பேச்சு. கேட்டா விடுவேனா? நாப்பது தாண்டின புருஷனும் பொண்டாட்டியும். அந்தமானுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கணுமாம்.

"பூஜா லீவுல போலாம். குடும்பம் குடும்பமா வருவா, கலகலன்னு இருக்கும்"னார் அவர்.

"வேண்டாம். ஸ்கூல் தொறந்தப்புறம் போற கப்பல்ல போடுங்கோ. பெரியவா மட்டுந்தான் இருப்பா."

"குழந்தைன்னா உனக்கு உசிராச்சே."

"இப்பவும் உசிர்தான். அதுகளோட அம்மாக்கள்தான் 'உங்களுக்கு எத்தனை குழந்தை'ன்னு கேப்பா. இல்லைன்னு சொன்னா, ஏன்னு கேப்பா. வீட்லன்னா பால் பொங்கறதுன்னு உள்ள போயிடுவேன். நடுக்கடல்ல எங்க போறது?"

அவர் குரலைத் தாழ்த்திண்டார்.

"ரயில்ல தெரியாதவா கேட்டா, நான் ரெண்டுன்னு சொல்லிடுவேன்."

அவ திரும்பி அவர் மூஞ்சியையே பாத்தா. நான் காதைத் தீட்டிண்டேன், சண்டை வரப்போறதோன்னு.

"பையனா, பொண்ணா?"

"ரெண்டும் பொண்ணு."

அவ புடவைத் தலைப்பைச் சரி பண்ணிண்டா.

"அப்போ ஸ்கூல் தொறந்தப்புறமே போடுங்கோ. யாராவது கேட்டா, ரெண்டும் ஸ்கூலுக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கலாம்."