இடக்கைத் துப்பாக்கி

டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். கொண்டுவந்து தந்தவர் மனம் நோகக்கூடாது.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வக்கீல் வேண்டாம். என்னை யாரும் மிரட்டி அனுப்பவில்லை. ராஜையன் செத்தது விபத்து என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதியிருக்கிறார்கள். பழைய துப்பாக்கி, வெடித்துவிட்டது என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். லைசன்ஸ் இல்லாதவன் கையில் கொடுத்ததற்காக என்மேல் ஒரு வழக்கு இருக்கிறது, அது தனி. நான் வந்தது விபத்து என்ற சொல்லில் ஒரு திருத்தம் சொல்ல.

என் பெயர் தாணுமாலையன். சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை, என் அப்பா காலத்துக் கடை. காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவேன். கோடையில் சுமடு தூக்குகிறவர்களுக்கு வாசலில் ஒரு பானை மோர்ச் சம்பாரம் வைப்பேன். கடைப் பையன்களிடம்கூடக் குரலை உயர்த்தியதில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தத் துப்பாக்கியும் அப்பாவுடையதுதான். பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது, தகரமும் ஆணியும் சப்ளை செய்த அப்பாவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். யானைக்கும் காட்டெருமைக்கும் என்று இங்கிலாந்தில் செய்தது. ஒவ்வொரு முறை சுட்டபிறகும் பின்னால் இருக்கும் போல்ட்டைக் கையால் தூக்கி இழுத்துத் தள்ள வேண்டும். மற்றத் துப்பாக்கிகளில் அந்தக் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும். இதில் இடப்பக்கம். அந்த வெள்ளைக்காரர் இடக்கைக்காரர், சொல்லிச் செய்வித்தது. பார்க்க வந்தவர்கள் இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை என்பார்கள். வால்நட் கட்டை, எண்ணெய் போட்டுத் துடைத்தால் புதுத் தேன் மாதிரி இருக்கும். தோட்டாக்கள் அதைவிட அபூர்வம். இருப்பதை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

எனக்கு அதைக் கண்டால் பயம், சார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சின்ன வயதில் அப்பா ஒரு தடவை சுடச் சொன்னார். தோள் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்தேன். அதற்குப் பிறகு துடைப்பது, பூஜைக்கு வைப்பது, லைசன்ஸ் புதுப்பிப்பது, இவ்வளவுதான். ஆனால் அந்தத் துப்பாக்கியை வைத்துத் தெருவில் எனக்குத் 'தோக்கு அண்ணாச்சி' என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு மரியாதை இருந்தது. நான் வந்தால் எழுந்து நிற்பார்கள்.

பக்கத்துப் பலசரக்கு மொத்தக் கடை வன்னியராஜ்தான் அதைக் கெடுத்தான். ஆயுத பூஜையன்று பொரி வாங்க வந்தவன், "அண்ணாச்சி, வருசா வருசம் அதுக்குப் பொட்டு வைக்கீங்க. அது ஒரு தடவையாவது தும்மியிருக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காட்டுப்பன்றியைச் சுட லைசன்ஸ்காரர்கள் வேண்டும் என்று மலையடிவாரத்துப் பஞ்சாயத்து ஒன்று கேட்டிருந்தது. அடுத்த வாரமே என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அப்படித்தான் ராஜையன் வீட்டுக்குப் போனேன். அவன் என்னிடம் மண்வெட்டியும் வேலிக் கம்பியும் வாங்குகிறவன். மரச்சீனிக் கிழங்கும் வாழையும் போட்டிருந்தான். மனைவி செல்லபாய். பிள்ளைகள் இல்லை. பன்றிகள் அவன் தோட்டத்தை உழுதுபோட்டிருந்தன. சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே ஒன்று வந்தது. பெரியது. சுட்டேன். படவில்லை. அது திரும்பி என்னைப் பார்த்தது.

அடுத்த தோட்டாவை ஏற்ற, வலக்கையைத் துப்பாக்கிக்கு மேலாகக் கொண்டுபோய் இடப்பக்கத்துப் போல்ட்டைப் பிடிக்க வேண்டும். கை போகவில்லை. துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன். கிணற்றோரம் மோட்டார் ரூம் இருந்தது. உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டேன். ராஜையன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் ஓடிவந்து கதவைத் தட்டினான். "அண்ணாச்சி, நானாக்கும்" என்றான். எனக்குக் கேட்டது. நான் திறக்கவில்லை.

பிறகு தட்டுவது நின்றது. போல்ட் இழுபடும் சத்தமும் வெடிச் சத்தமும் கேட்டன. கொஞ்சம் கழித்து, "தொறங்க அண்ணாச்சி. பன்னி செத்துப்போச்சு" என்று வந்து நின்றான். அவனும் இடக்கைக்காரன். அன்றுதான் கவனித்தேன். அவன் இடத்தோளில் அந்தத் துப்பாக்கி வளர்ந்ததுபோல் இருந்தது.

என் வேட்டி நனைந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கைலி கொண்டுவந்து, கதவிடுக்கில் நீட்டினான். ஆட்கள் கூடியபோது, "அண்ணாச்சி ஒற்ற வெடியில சாச்சுப்போட்டாரு" என்றான். பன்றியை மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பஞ்சாயத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். வன்னியராஜ் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தன் கையாலேயே என் கடையில் மாட்டினான்.

அன்று தொடங்கியது பயம். பன்றியைக் கண்டு வந்தது ஒரு நிமிஷப் பயம். இது இறங்கவே இல்லை. கடைக்கு வெளியே இரண்டு பேர் சிரித்தால் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவேன். ராஜையன் சந்தைக்கு வரும் நாளில் சோறு இறங்காது. அவன் வருவான், ஒரு சீப்புப் பழமோ ஒரு துண்டுச் சேனையோ கல்லாப் பக்கம் வைப்பான், "சுகமா அண்ணாச்சி?" என்பான், போவான். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எதையும் கேட்காத மனிதனை என்ன செய்வது?

ஒரே ஒரு தடவை பேசினான். வன்னியராஜ் படத்தைக் காட்டி யாரிடமோ பெருமை அடித்துக்கொண்டிருந்தான். என் முகத்தில் என்ன கண்டானோ, ராஜையன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: "பேடி ஆர்க்கும் உள்ளதாக்கும், அண்ணாச்சி. விட்டுக் களையுங்க."

பயம் யாருக்கும் உள்ளதுதான் என்று எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னான். இப்போது தெரிகிறது. அப்போது, அவன் அதை நினைத்துக்கொண்டே இருக்கிறான் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

இந்த வருஷம் பூஜைக்கு முன்னால் துப்பாக்கியைச் சரிபார்த்தேன். ஒரு தோட்டா மக்கிப்போயிருந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குண்டு வெளியே வராமல் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்படி ஒன்று நின்றால் அதை எடுக்காமல் அடுத்ததைச் சுடக்கூடாது. சுட்டால் துப்பாக்கி சுடுகிறவன் முகத்தில் வெடிக்கும். எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்குள் அஷ்டமி வந்துவிட்டது. அன்று பூஜைக்கு வைத்ததை விஜயதசமிக் காலை வரை தொடுவதில்லை. தராசு, சுத்தியல், துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் நான் கண்டிப்பு. இப்படித்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ராஜையனுக்குப் போன் செய்தேன். விஜயதசமியன்று பிள்ளைகளுக்கு எழுத்து தொடங்குகிறார்களே, அதுபோல் உனக்கு நான் துப்பாக்கி தொடங்கிவைக்கிறேன், அது இடக்கைக்குச் செய்தது, உனக்குத்தான் பொருந்தும், லைசன்ஸுக்கும் ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.  அவன் சிரித்தான். "சபையில இடக்கையால காணிக்கை போட்டா பாஸ்டர் மொறைப்பாரு. உங்க தோக்கு மொறைக்காது, கேட்டியளா" என்றான். அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கேட்டதில்லை.

காலையில் பூஜையிலிருந்து எடுத்து, உறையில் போட்டு, காரில் கொண்டுபோனேன். தோட்டத்தில் ஒரு வாழைத் தடியைக் குறியாக நட்டுவைத்திருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். குழலுக்குள் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. கற்றுக்கொடுக்க வேண்டியவன் நான்.

தோட்டாவை ஏற்றிக் கொடுத்தேன். அவன் வாங்கி, ஒரு நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப என்னிடமே நீட்டினான்.

"மொதல் வெடி நீங்க வையுங்க அண்ணாச்சி. செல்லபாய் பாத்துட்டு நிக்கா. நீங்க வச்ச பெறவு நான் தொடுகேன்."

என்னைக் கௌரவிக்கத்தான் செய்தான். சார், அந்தத் துப்பாக்கி மறுபடி என் கையில் வந்த அந்த நேரம்போல் நான் எப்போதும் பயந்ததில்லை. மோட்டார் ரூமில்கூட இல்லை.  அடுக்களை வாசலில் செல்லபாய் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தோள் வலிக்கிறது என்றேன்.  அவன் கிட்டே வந்து, அவளுக்குக் கேட்காமல், "பேடிக்காண்டாம். நான் கூட நிக்கேன்லா" என்றான். பழைய பயம் என்று நினைத்துவிட்டான். நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். உடனே துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சிக்குத் தோள்ல உளுக்காக்கும், ஏட்டி. என்னையே வெக்கச் சொல்லுகாரு" என்று உரக்கச் சொன்னான். என் மானத்தை இரண்டாவது தடவையும் காப்பாற்றினான்.

"பலா மூட்டுக்குப் பின்னால நில்லுங்க. சத்தம் உங்களுக்கு ஒத்துக்கிடாது. காதப் பொத்திக்கிடுங்க" என்றான்.

நான் பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்று காதைப் பொத்திக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன்.

நடந்தது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதை நான் மறுபடி சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். ரிப்போர்ட்டில் இல்லாதது ஒன்றுதான். நான் போய்க் குனிந்தபோது அவனுக்கு நினைவு இருந்தது. கண் தெரியவில்லை. "அண்ணாச்சிக்கு ஒண்ணும் பற்றலியே?" என்று கேட்டான். இல்லை என்றேன். செல்லபாயிடம், "அவரைக் கொற சொல்லப்பிடாது" என்றான். காரில் ஏற்றினோம். பாதி வழியில் முடிந்துவிட்டது.

பலமாக அழுதேன், சார். நடிப்பு இல்லை. அடக்கத்துக்கு நான்தான் எல்லாம் ஏற்பாடு செய்தேன்.

இன்று காலை ஒரு சாக்கு அரிசியோடு செல்லபாயைப் பார்க்கப் போனேன். நான் மீன் தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். தனிச் சட்டியில் மரச்சீனி அவித்து, இலையில் வைத்து, மிளகாய் அரைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணாச்சி வாடிப்போய் இருக்கிய. அவரு எங்கிட்ட எல்லாம் சொல்லியிருக்காரு. மோட்டார் ரூம் காரியமும் சொன்னாரு. நான் ஆர்ட்டயும் வாயத் தொறந்து மிண்டல, மிண்டவும் மாட்டேன். அத நெனச்சு வெசனப்படாதீங்க."

அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அந்தக் கைலியை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். கிணற்றின் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து தாழ்ந்திருந்தது. "இதைக் கட்டித் தருகிறேன், செல்லபாய், தனியாகத் தண்ணீர் இறைக்கிறவள்" என்றேன். "கர்த்தர் உங்கள நல்லா வைக்கட்டு" என்றாள். அவள் அதைச் சொல்லும்போது நான் சுவரைப் பார்க்கவில்லை. உள்ளே எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எந்த நேரத்தில் இறைப்பாள் என்று என் வாய் கேட்டது. அவள் சொன்னாள்.

அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நேராக இங்கே வந்துவிட்டேன். என்னை வெளியே விடாதீர்கள், சார்.

எழுதிக்கொள்ளுங்கள். தோட்டா எதுவும் மக்கவில்லை. நல்ல தோட்டா ஒன்றிலிருந்து குண்டைக் கழற்றி, கடையில் இருந்த பித்தளைக் கம்பியால் குழலுக்குள் நானே இறக்கினேன். அஷ்டமி சாயங்காலம். மரச்சுத்தியலால் மெதுவாகத்தான் தட்டினேன். பக்கத்துக் கடையில் பூஜை மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கை கழுவிவிட்டு, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூப் போட்டேன். ராஜையனைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

காரணம் என்ற இடத்தில் மட்டும் ஒரு உபகாரம் செய்யுங்கள். முன்விரோதம் என்று போடுங்கள், பொறாமை என்று போடுங்கள், எது வேண்டுமானாலும் சரி. கோர்ட்டில் உரக்க வாசிப்பார்கள். வன்னியராஜும் சாலைக் கடைக்காரர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பன்றியைச் சுட்டது நான் என்றே இருக்கட்டும், சார்.