என் பெயர் கொண்ட சிலந்தி

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, வாங்கிக் கொடுத்த மனசுக்காகக் குடித்துவிடுகிறேன். முதலில் நீங்கள் பிடித்து வைத்திருக்கும் அந்த ஆடு மேய்ப்பவரை வீட்டுக்கு அனுப்புங்கள், இன்ஸ்பெக்டர். வறண்ட மலைச்சரிவை அவருடைய ஆடுகள் கிளறிவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஆடுகளுக்கு அவ்வளவு நேர்த்தி வராது. ஒருவர் உழைப்பு இன்னொருவர் தலையில் ஏறுவதை ஓர் அருங்காட்சியக இயக்குநரான நான் எப்படிப் பொறுப்பேன்?

அந்தச் சரிவில் ஒரு சிலந்தி இருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. மண்ணில் குழி தோண்டி, வாயிலுக்கு மண்ணாலும் நூலாலும் கதவு போட்டு, கீலும் வைத்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க ஒரே குழிதான். வாடகை வீடு மாறி மாறி அலுத்த எனக்குக் கண்டதுமே மரியாதை வந்துவிட்டது. வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. கண்டுபிடித்தவன் நான்.

கண்டுபிடித்தவரே தன் பெயரைச் சூட்டிக்கொள்வது எங்கள் துறையில் அழகில்லை. ஆகவே உதவியாளரைச் சூட்டச் சொன்னேன். அவருடைய பதவி உயர்வு அப்போது என் கையில் இருந்தது, மனமுவந்து சூட்டினார்.

என் மனைவிக்குத்தான் சிரிப்பு. "பையனுக்கு உங்க அப்பா பேரு, பூச்சிக்கு உங்க பேரா? நல்லாத்தான் இருக்கு வம்சம்."

"பூச்சி இல்லம்மா, சிலந்தி. எட்டுக் கால்."

"உங்களைவிட ஆறு கூட. ஓடியாவது பொழைச்சுக்கும்."

பிறகு ஒரு நாள் உதவியாளர் தயங்கித் தயங்கி வந்தார். "ஐயா, பக்கத்து மலைல ஏற்கெனவே பேர் வெச்ச சிலந்திதானோ இதுன்னு சந்தேகமா இருக்கு. நம்மகிட்ட பெண் மட்டும்தான் இருக்கு. மழை பெஞ்சா ஆண் வெளிய வரும். ஒண்ணைப் பாத்தாப் போதும், தெரிஞ்சிடும்."

இரண்டும் ஒன்றென்றால் பழைய பெயரே நிற்கும். என் பெயர் போகும். எங்கள் வழக்கம் அப்படி.

மழைக்கு முன் ஒரு கரண்டியோடு சரிவுக்குப் போனேன். விடுப்பு எடுத்துக்கொண்டுதான், அலுவலக நேரத்தை வீணாக்கவில்லை. கதவைத் தொட்டால் உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அத்தனை சின்ன உடம்பில் அத்தனை வீம்பு. வீம்பு எனக்குப் பிடிக்கும். பொறுமையாக எல்லாக் கதவுகளையும் திறந்தேன். குஞ்சுகளையும் விட்டுவைக்கவில்லை, தாயில்லாமல் என்ன செய்யும், பாவம்.

சில ஆண்களும் கிடைத்தன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பக்கத்து மலைச் சிலந்தி இல்லை, முற்றிலும் வேறு இனம். என் பெயர் தானாகவே நிலைத்திருக்கும். கைவலிதான் மிச்சம்.

மழை பெய்தது. உதவியாளர் குடையோடு சரிவுக்குப் போய்த் திரும்பி வந்தார். "ஐயா, ஒரு கதவுகூட இல்லையே" என்று அழுதார். ஆடுகளாக இருக்கும் என்றேன். அது பொய்தான், அதற்கு மட்டும் மன்னிக்க வேண்டும்.

நான் அந்த இனத்தையே அழித்துவிட்டதாக எழுதப் போகிறீர்கள். சொல் கொஞ்சம் கடுமை. அத்தனையும் என் அறையில் எரிசாராயப் புட்டிகளில் இருக்கின்றன, ஒரு கால்கூட ஒடியாமல். சரிவிலேயே விட்டிருந்தால் என்றைக்காவது செத்துத்தானே போயிருக்கும்.